துருவைத் துடைக்காதீர்கள்

துருவைத் துடைக்காதே என்று ஒருவர் பதறிப்போய்க் கத்தி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பங்களாவின் மேல்மாடியில் ஹோட்டல் வேலையாள் ஒருவர் சேண்ட்பேப்பரை எடுத்து பால்கனிக் கம்பியில் வைத்ததுதான் தாமதம், கீழே புல்வெளியில் நின்ற மேடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நோ, நோ! டோன்ட் டச்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கறுப்பு பெயின்ட் டின் இரண்டு திறந்திருந்தன. படம் பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று ஹோட்டல் மனேஜர் ஆசை ஆசையாக வாங்கி வைத்தது. "அந்தத் துருதான் அழகே" என்று மேடம் அவருக்கு விளக்கினார். மனேஜரும் தலையை ஆட்டினார். மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குகிறவர், ஆட்டாமல் என்ன செய்வார்?

எனக்கு அட்டன் டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், பெண்பிள்ளைகளின் சடங்கு, பிறந்தநாள், அடையாள அட்டைக்குப் படம், இதுதான் தொழில். ஒரு நீலத் திரை, ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து, பல் உடைந்த ஒரு சீப்பு. முகத்தில் பரு இருந்தால் எடுத்துவிடுவேன், தலையில் நரை இருந்தால் கறுப்பாக்கிவிடுவேன். அதற்குத்தான் என்னிடம் வருகிறார்கள். மேடம் கொழும்பிலிருந்து வந்தவர். மலைநாட்டில் வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்புப் பால்கனிகளைப் பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போடுகிறார். படிப்பதற்கு இல்லை, மேசைமேல் வைப்பதற்கு. அவர் கூட்டிவந்த கொழும்புப் படக்காரருக்கு முதல் நாளே காலில் மூன்று அட்டை ஏறி, இரண்டாம் நாள் காய்ச்சலும் வந்து, மூன்றாம் நாள் காலை ரயிலில் ஆள் ஓட்டம். பிறகுதான் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பொய் சொல்வானேன், போன் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு நெற்றியில் வழியும் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனவனுக்குப் புத்தகம் என்றால் சும்மாவா?

முதல் வாரம் நுவரெலியா டவுன். அங்கே பழைய கட்டிடங்களின் மேல்மாடிகளில் இன்னும் நாலைந்து பால்கனிகள் மிச்சம் இருக்கின்றன. நெருப்பில் காய்ச்சி, அடித்து, வளைத்த இரும்பு. கொடி, இலை, சுருள், பூ. ஒன்றில் கீழே மருந்துக்கடை, மேலே குடியிருப்பு. அந்த வீட்டு அம்மா பால்கனியில் பிள்ளைகளின் ஸ்கூல் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார். மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள் என்றார். நான் படியேறிப்போய்ச் சொன்னேன். "தம்பி, மூணு நாளா வெயில் இல்ல. இன்னைக்குத்தான் கொஞ்சம் எட்டிப் பாக்குது. நாளைக்குப் பிள்ளைங்க எதைப் போட்டுக்கிட்டுப் போறது?" என்று கேட்டார் அந்த அம்மா. நியாயம்தான். ஆனாலும் நான் எடுக்க வைத்தேன். அரைமணி நேரம் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் இரும்பைப் படம் பிடித்தோம். முடிவதற்குள் வெயில் போய்விட்டது. மேடம் "இந்த மெல்லிய வெளிச்சம்தான் வேண்டும்" என்று என் தோளைத் தட்டினார். மேலே அந்த அம்மா ஈரச் சட்டைகளை மறுபடி எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேடம் நிறையப் பேசுவார். இந்த இரும்பெல்லாம் ஸ்கொட்லாந்தில் செய்து, கப்பலில் கொழும்புக்கு வந்து, மாட்டு வண்டியில் கண்டி வரைக்கும் வந்து, அதற்கு மேலே "லேபர்" மூலமாக மலைக்கு ஏறியதாம். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னார். யாருடைய தலையில் ஏறியது என்று வாய்வரை வந்தது. அவர் தட்டில் கேக் இருந்தது, என் தட்டிலும் இருந்தது. கேக்கைச் சாப்பிட்டேன்.

இரண்டாவது வாரம் பங்களா. தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம், நான் பிறந்த தோட்டம்தான். ஒருகாலத்தில் பெரிய துரை இருந்த பங்களா இப்போது ஹோட்டல். ஓர் இரவு தங்கினால் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு மயக்கம் வரும். அதன் பால்கனிதான் புத்தகத்துக்கே மகுடம் என்றார் மேடம். உண்மையில் அழகுதான். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். திராட்சைக் கொடி படர்ந்து போகிறது, நடுவில் இரண்டு பறவைகள், ஒன்றுக்கு அலகு ஒடிந்துவிட்டது. மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து கீழே வெள்ளைச் சுவரில் துரு நாலைந்து கோடாக இறங்கியிருக்கிறது. அது "காலத்தின் கையெழுத்து" என்றார் மேடம். கையெழுத்தாம்! தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்துக் கூரைத் தகரத்தில் காலம் பெரிய கட்டுரையே எழுதி வைத்திருக்கிறது, யார் வந்து வாசித்தார்கள்?

பங்களாவுக்குக் கீழே வளைந்து போகிற பாதையில்தான் பெண்கள் கொழுந்து எடுக்கப் போவார்கள். துரை மேலே நின்றால் கீழே போகிறவர்கள் குடையை மடக்க வேண்டும், இது அந்தக் காலத்துச் சட்டம். துரை போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. வயசான ஒரு பெண் குடையோடு வந்தவர், பால்கனிக்கு நேரே வந்ததும் பழக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டு நனைந்தபடி நடந்தார். தாண்டியதும் விரித்துக்கொண்டார். மேடத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "அவரை இன்னொரு தடவை வரச் சொல்லுங்கள்!" நான்தான் போய்ச் சொன்னேன். நாலு தடவை மடக்க வைத்தோம். நாலாவது தடவை அந்த அம்மா, "போதுமாய்யா? பிந்துனா அரை நாள் பேருதான் போடுவாங்க, நான் மலைக்குப் போவணும்" என்றார். அந்தப் படமும் புத்தகத்தில் வந்திருக்கிறது. கீழே "மரியாதை" என்று போட்டிருக்கிறார்கள். தூ!

அந்தப் பாதை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு லயம். பத்துக் காம்பரா வரிசையாக, குடும்பத்துக்கு ஒரு அறை. நாலாவது காம்பராவில் என் அக்கா இருக்கிறார். மச்சான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், பொங்கல், தீபாவளிக்கு வருவார். அக்காவும் அக்கா மகளும்தான். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தால் அக்காவின் கூரை தெரியும், கூரைமேல் வைத்த கல்லும் தெரியும்.

அதற்கு முந்தின வருடக் கடைசி மழையில் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேடு கொஞ்சம் நகர்ந்துவிட்டது. நகர்ந்தது வெளியே பார்த்தால் தெரியாது. அக்கா காம்பராவின் பின்சுவரில் தெரிந்தது. கூரையடியில் ஆரம்பித்து ஆளுயரம் வரைக்கும் ஒரு வெடிப்பு. பலத்த மழை பெய்தால் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் போய்ப் படுப்பார். அந்த வாரம் திங்கட்கிழமை, சந்தியில் ஆபிஸ் வைத்திருக்கிற கிராம அதிகாரி வந்து பார்த்துவிட்டு, வெடிப்பு உள்ள வீடுகளைப் பட்டியலில் சேர்க்கிறார்கள், பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் வேறு இடத்தில் வீடு, சுவரைத் தெளிவாகப் படம் எடுத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கே அக்கா போன் எடுத்தார். "தம்பி, நீ மேல பங்களாவுலதான நிக்கிற? ஒரு எட்டு வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ. எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு. நீதான் படம் புடிக்கிறவன்."

"வாறேன்க்கா. வெளிச்சம் நல்லா இருக்கு, இத முடிச்சுட்டு வாறேன்."

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் நன்றாக இல்லை, அதனால் காத்திருந்தோம். புதன்கிழமை பனிமூட்டம் வந்தது, மேடம் கேட்ட அதே பனிமூட்டம், விடுவாரா? அக்கா மறுபடி போன் எடுத்தார். நாளைக்குக் காலையில் கட்டாயம் வருகிறேன், பெரிய கேமராவே கொண்டுவருகிறேன் என்றேன். பெரிய கேமராவைப் பற்றி நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை கேமரா, மூன்று லென்ஸ், ஸ்டாண்ட், லேப்டொப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். லயத்தை நெருங்கும்போதே சுண்ணாம்பு வாசம். வாசலில் அக்கா கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற ஊதாச் சேலையில் நிற்கிறார், தலையில் பூ. உள்ளே போனேன். பின்சுவர் பால் மாதிரி வெள்ளை. வெடிப்பு இருந்த இடத்தில் ஒரு பிள்ளையார் காலண்டர்.

"வெடிப்பு எங்கக்கா?"

"அடைச்சாச்சு" என்றார் அக்கா, பெருமை முகத்தில் வழிய. "பழைய பேப்பரைத் திணிச்சு, களிமண்ண அப்பி, மேல ரெண்டு கை சுண்ணாம்பு. நேத்து மலையில வேலை விட்டு வந்ததுலருந்து நானும் பக்கத்து மதினியும் இடுப்பு ஒடிஞ்சுபோனோம். எப்புடி இருக்கு?"

எனக்கு வந்ததே கோபம்! "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? வெடிப்பப் படம் எடுக்கத்தான வரச் சொன்ன? வெடிப்ப மூடிட்டு எதையக்கா நான் எடுக்கறது, ஓன் காலண்டரையா?"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "ஆபிசுல பெரிய பெரிய ஆளுங்க பாப்பாங்கல்ல தம்பி. ஓட்டையும் ஒடசலுமா... இப்புடியா இருக்காளுங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? வெடிப்பு இருந்துச்சுன்னு நாம வாயால சொல்லிக்குவோம்னு நெனைச்சேன்."

கத்தினேனே ஒழிய, அவரை எப்படிக் குறை சொல்வது? நாங்கள் வளர்ந்ததே அப்படி. கம்பெனிக்காரர்கள் வருகிறார்களா, மந்திரி வருகிறாரா, முதல் நாள் லயத்தின் முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்பக்கத்தை யாரும் கேட்பதில்லை. கேமரா வந்தால் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும், பிள்ளைகள் தலை சீவியிருக்க வேண்டும். மனேஜர் பெயின்ட் டின் வாங்கி வைத்ததும் இதே புத்தியில்தான். அவரைத் தடுக்க மேடம் இருந்தார். அக்காவைத் தடுக்க வேண்டியவன் மூன்று நாளாக இருநூறடி மேலே நின்று அலகு ஒடிந்த பறவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சுவரருகே போனார். காலண்டரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். மூலையில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலைச் செடியை வெட்டுகிற அந்தக் கனத்த கத்தியால், அந்த ஊதாச் சேலையோடு, நேற்றுப் பூசியதையெல்லாம் குத்திக் குத்தி எடுத்தார். களிமண் கட்டியாக விழுந்தது, பேப்பர் வந்தது, அதன் பின்னால் பழைய சுவரும் கொஞ்சம் கூடவே பெயர்ந்து வந்தது. கடைசியில் வெடிப்பின் மேல்முனையில் வெளியிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே விழுந்தது. அக்கா பின்னால் நகர்ந்தார். நான் கீழ்முனையில் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. விரல் நுனியில் மேட்டு மண்ணின் ஈரம்.

"இம்புட்டு ஆயிருச்சா" என்றார் அக்கா. இவ்வளவு ஆழம் என்று, பேப்பரைத் திணித்தபோதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். படங்கள் அருமையாக வந்தன, அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. தலவாக்கலையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் அக்காவோடு அதிகாரியிடம் போனேன்.

அவர் படங்களை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். "மேக அலுத் நே?" என்றார். இது புதுசுதானே என்று சிங்களத்தில். பிறகு தமிழில், "ஓரம் எல்லாம் வெள்ளையா, பிரெஷ்ஷா இருக்கு தம்பி. கீழ மண்ணும் விழுந்து கிடக்கு. நேத்து உடைச்ச மாதிரி இருக்கு. லிஸ்டுல பேர் வாறதுக்குச் சில ஆக்கள் கத்தியால வெட்டிக்கொண்டு வாறாங்க. மேல உள்ளவங்க என்னைத்தானே கேப்பாங்க?"

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிவிட்ட கதையாகக் கேட்டது. வெடிப்பைக் காட்டப் படம் எடுக்க வந்த இடத்தில் வெடிப்பைப் பூசினோம், பூசியதைப் பிறகு வெட்டினோம். யார் நம்புவார்? ஆனால் அவர் கெட்ட மனிதர் இல்லை. "திங்கக்கிழமை நான் வந்தப்ப முன்பக்கம் நின்டுதான் பாத்தேன், இந்த வீட்டுக்கு உள்ள வரல்ல. பழைய போட்டோ ஒண்டு இருந்தா கொண்டு வாங்க. முந்தியே வெடிச்சிருந்தது தெரியணும். நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

"இருக்கு சார்!" என்று துள்ளினேன். இல்லாமல் எப்படிப் போகும்? மாசி மாதம் அக்கா மகள் சடங்கு, அதே காம்பராவில், அதே சுவருக்கு முன்னால்தான் அவளை உட்கார வைத்தோம். தாய்மாமன் நானே, படக்காரனும் நானே. சீர்த்தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேமராவைப் பிடித்தேன். முந்நூறு படத்துக்குக் குறையாது. அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. த்ரீவீலரைப் பிடித்து லயத்துக்கு வந்தோம். அக்கா தகரப்பெட்டியிலிருந்து ஆல்பத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தார்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். மருமகள் பட்டுச்சேலையில், மாலையோடு. பின்னால் சுவர் வழவழவென்று இளஞ்சிவப்பில் இருக்கிறது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் இளஞ்சிவப்பு. ஒரு கீறல் கிடையாது. பருவை எடுக்கிற கை இல்லையா இது? படம் படமாக, ராத்திரியும் பகலுமாக கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வெடிப்பை அழித்துச் சுவருக்கு நிறம் பூசியவன் நான்தான். எவனும் சொல்லிச் செய்யவில்லை. ஆல்பத்தை அட்டனில் என் கடைக் கண்ணாடியில் மாதிரிக்கு வைக்கலாம் என்று ஒரு எண்ணம், என் சொந்தக்காரர் வீடு இப்படி என்று நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று இன்னொரு எண்ணம். அக்கா அன்றைக்கு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வீடா தம்பி இது!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்காவுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான் போலிருக்கிறது.

"அழிக்காத படம் இருக்கும்ல?" என்று கேட்டார் அக்கா.

லேப்டொப்பைத் திறந்தேன். திறக்கும்போதே எனக்குத் தெரியும். பால்கனி வேலைக்கு மேடம் மிகப் பெரிய அளவில் எடுக்கச் சொல்லியிருந்தார், ஒவ்வொரு படமும் லேப்டொப்பில் அவ்வளவு இடத்தைத் தின்னும். நுவரெலியாவுக்குப் போவதற்கு முதல் நாள் இடம் போதாமல், கொடுத்து முடித்த வேலைகளின் மூலப்படங்களையெல்லாம் அழித்தேன். முதலில் சொந்தக்காரர்களுடையதை அழித்தேன். அவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்களே. அந்த இடத்தில் இப்போது இரும்புத் திராட்சை இருக்கிறது, ஒரே பறவை நாற்பது தடவை இருக்கிறது, துருவின் ஒவ்வொரு செதிலும் எண்ணி எடுக்கலாம் போல அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

"இல்லக்கா" என்றேன். "அழிச்சுட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி விடு. ஒனக்கு மட்டும் தெரியுமா என்ன" என்று சொல்லிவிட்டு ஆல்பத்தை மறுபடி உறையில் போட்டார். மணி இரண்டரை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மேடத்தை எவ்வளவு ஏளனம் செய்திருப்பேன் மனசுக்குள்ளே! அவர் துருவை விட்டுவைத்தார். நான் என் கூடப்பிறந்தவளின் வீட்டையே துடைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டில் கேட்கும். மேலே இருந்து, பக்கத்துக் காம்பரா மதினியின் குரல் வந்தது.

"மதினி, நான் ஒன்னு எடுத்தேனே! என் மக பாக்கணும்னு கேட்டாளேன்னு அன்னைக்கு அனுப்புனேன்ல?"

அவருடைய மகள் டுபாயில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். அவளும் அக்கா மகளும் அக்கா தங்கச்சி மாதிரி. சடங்கைப் பார்க்க முடியவில்லையே என்று அழுதாளாம், அவளுக்காக மதினி தன் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மதினி போனைக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடி நொறுங்கிப்போன போன். படம் சாய்ந்திருந்தது, இருட்டாக இருந்தது, ஒரு மூலையில் மதினியின் கட்டைவிரல் பெரிதாக விழுந்திருந்தது. என் கடையில் அந்தப் படத்தை எடுத்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். நடுவில் மருமகள் சிரிக்கிறாள். அவள் தலைக்கு மேலே, கூரையடியிலிருந்து ஆளுயரம் வரைக்கும் அந்த வெடிப்பு, கறுப்பாக, ஒரு வளைவு குறையாமல் நிற்கிறது. பக்கத்தில் நான்கூட இருக்கிறேன், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அந்த வெடிப்புக்கு நேராக. படத்துக்குக் கீழே அதை அனுப்பிய நாள் மாசி மாதத்தைக் காட்டியது.

"கை நடுங்கிருச்சுங்க தம்பி, நல்லா வரல" என்று மதினி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்!

மூன்று பேரும் த்ரீவீலரில் ஏறினோம். மூன்றே முக்காலுக்கு அதிகாரி போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, நாளைப் பார்த்து, என் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டார். "ஹரி" என்றார், சரி என்று. அக்காவின் பெயரைக் கேட்டு எழுதினார். அக்கா எழுத்துக்கூட்டி அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். அதிகாரி மதினியிடம், "நல்ல போட்டோ" என்று சொன்னார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது?

வெளியே வரும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து அளந்து பார்ப்பார்கள், அதுவரைக்கும் வெடிப்பைப் பூசக் கூடாது, தொடவே கூடாது. அக்கா சரிங்க ஐயா என்றார். அளக்க இன்னும் யாரும் வரவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, வீடு இல்லை. வெடிப்பின்மேல் ஒரு உரச் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார். காற்றடித்தால் அது உள்ளே உப்புகிறது. நான் போகும்போதெல்லாம் கொஞ்சம் சிமெந்து வாங்கி வரவா என்று கேட்பேன். "தொடக் கூடாதுன்னுட்டாங்கல்ல" என்பார்.

தை மாதம் மேடத்தின் புத்தகம் பார்சலில் வந்தது. உள்ளே சின்ன எழுத்தில் என் பெயரும் இருக்கிறது. அக்காவிடம் காட்டக் கொண்டுபோனேன், பெருமைக்கு இல்லை, அவர் கேட்டார் என்பதற்காக. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்தார். சாக்கு பின்னால் உப்பி உப்பி அடங்கியது. பங்களாப் பால்கனி இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடந்தது, கொடி, பறவை, சுவரில் வழிந்த துருக் கோடு எல்லாம். அக்கா குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். நாக்கால் த்சு என்றார்.

"இம்புட்டுத் துரு புடிச்சுக் கெடக்கே தம்பி. படம் எடுக்க ஆளு வருதுன்னு தெரியும்ல, ஒரு பெயின்டு அடிச்சிருக்கக் கூடாது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவம், அவுங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார்.